அரிசி பிஸ்கட் விற்று ஓடும் ரயில்: சோஷி பாதையின் கதையும் கணக்கும்

டோக்கியோவிலிருந்து கிழக்கே எக்ஸ்பிரஸ் ரயில் பிடித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் சோஷி வந்துவிடும். சிபா மாகாணத்தின் கடைசி ஊர். தோனே ஆறு பசிபிக்கில் கலக்கும் இடம், அதற்குக் கிழக்கே கடல்தான். ஜப்பானின் பெரிய ரயில் குழுமமான ஜேஆரின் பாதை அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் ஜேஆர் பிளாட்பாரத்தில் கடைசி வரை நடந்தால், அதன் நுனியில் வேறொரு கம்பெனியின் ரயில் நிற்கும். இரண்டே பெட்டி, எங்கேயோ ஓடி ஓய்ந்த பழைய வண்டி. டிக்கெட் வாங்கக் கவுண்டரைத் தேட வேண்டாம், ஏறி உட்கார்ந்தால் கண்டக்டர் வந்து கொடுப்பார். அங்கிருந்து தொகாவா என்ற மீனவக் கிராமம் வரை 6.4 கிலோமீட்டர், 10 ஸ்டேஷன், சுமார் 20 நிமிஷம். சோஷி மின் ரயில்வே மொத்தமே இவ்வளவுதான்.

இதைப் பற்றி ஜப்பானில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒரே வரியில் அடங்கிவிடும்: மூடப்போகும் நிலையில் இருந்த ரயில் கம்பெனி அரிசி பிஸ்கட் விற்றுப் பிழைத்துக்கொண்டது. பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை. நூறு வருஷத்து வரவு செலவை வரிசையாக வைத்துப் பார்த்தால், பிஸ்கட் காசு செய்தது என்ன, செய்ய முடியாமல் போனது என்ன என்பது தனித்தனியாகத் தெரிகிறது. இந்தக் கம்பெனியை மூடும் நிலைக்குத் தள்ளிய அடிகளில் பாதிக்கு மேல் ரயிலுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து வந்தவை என்பதும் தெரிகிறது. இந்த இரண்டையும்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

இரும்பு விலைக்குப் போன முதல் பாதை

சோஷி பழைய பணக்கார ஊர். சோயா சாஸ் அங்கே நானூறு வருஷத் தொழில். ஹிகெதா 1616இலும் யமாசா 1645இலும் தொடங்கியவை, இரண்டும் இன்றைக்கும் அதே ஊரில் காய்ச்சிக்கொண்டிருக்கின்றன. இன்னொரு பக்கம் மீன்பிடித் துறைமுகம். மத்தியும் கானாங்கெளுத்தியும் வந்து குவியும் இந்தத் துறைமுகம், இறங்கும் மீனின் எடையில் பல வருஷம் ஜப்பானிலேயே முதலிடத்தில் இருந்தது. ஊரின் கிழக்கு முனையில் இனுபோசாகி கலங்கரை விளக்கம், பிரிட்டிஷ் பொறியாளர் ரிச்சர்ட் ஹென்றி பிரன்டன் வடிவமைத்து 1874இல் ஏற்றியது. டோக்கியோவிலிருந்து வந்த பாதை 1897இல் சோஷியைத் தொட்டதும், விளக்கையும் கடலையும் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஸ்டேஷனிலிருந்து விளக்கு வரைக்கும் ஒரு ரயில் விட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றத்தானே செய்யும்?

1913 டிசம்பரில் சோஷி உல்லாச ரயில்வே என்ற பெயரில் அது வந்தது. சோஷியிலிருந்து இனுபோ வரை 5.9 கிலோமீட்டர். பேருக்கு ஏற்ற மாதிரி முழுக்க உல்லாசப் பயணிகளையே நம்பிய வண்டி, அதனால் வருமானமும் உல்லாசப் பயணம் போலவே விடுமுறைக்கு வந்து விடுமுறைக்குப் போனது. அதே நேரம் ஐரோப்பாவில் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது, ஜப்பானில் இரும்பு விலை எங்கேயோ போய்விட்டது. பங்குதாரர்கள் கணக்குப் போட்டார்கள்: இந்தத் தண்டவாளத்தின் மேல் ரயில் ஓட்டிச் சம்பாதிப்பதைவிட, தண்டவாளத்தையே விற்றால் கூடக் கிடைக்கும். 1917 நவம்பரில் வண்டியை நிறுத்தி, பாதையைக் கழற்றி விற்றுவிட்டார்கள். திறந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. வியாபாரமாகப் பார்த்தால் அது புத்திசாலித்தனமான முடிவு. ஆனால் இந்தப் பாதையின் தலைவிதி முதல் தடவையே அதில் எழுதப்பட்டுவிட்டது: டிக்கெட் காசை மட்டும் நம்பினால் இது நிற்காது.

மீனும் சோயாவும் தாங்கிய காலம்

1922இல் சோஷி ரயில்வே என்ற புதிய கம்பெனி, ஊர்ப் பிரமுகர் ஹமாகுச்சி கிச்சிபே முன்னின்று நடத்தியது. 1923 ஜூலையில் பழைய தடத்திலேயே மறுபடி பாதை போட்டார்கள், இந்த முறை இனுபோவோடு நிறுத்தாமல் தொகாவா மீன்பிடித் துறைமுகம் வரை. இந்தக் கொஞ்சத் தூர நீட்டிப்புதான் ரொம்ப முக்கியம். உல்லாச ரயில், ஊர்க்காரர்களின் ரயிலாகவும் சரக்கு ரயிலாகவும் மாறியது அதனால்தான். 1925 ஜூலையில் மின்சாரம் வந்தது, 600 வோல்ட் நேர்மின்சாரம். அந்த 600 வோல்ட் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெட்டி வாங்கும் இடத்தில் இது குறுக்கே வந்து நிற்கும்.

சோஷியை விட்டதும் வரும் முதல் ஸ்டேஷன் நகானோச்சோ. வண்டிகளின் டிப்போ அங்கேதான், பக்கத்திலேயே யமாசா சோயா சாஸ் தொழிற்சாலை. தொழிற்சாலைக்குள்ளேயே தண்டவாளம் போய், மூலப்பொருளும் சரக்கும் ரயிலில் ஏறி இறங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்த வேலையைச் செய்தது தேக்கி 3 என்ற ஒரு குட்டி மின் எஞ்சின். ஜெர்மனியின் ஏஇஜி கம்பெனி 1922இல் செய்தது, முதலில் மேற்கு ஜப்பானில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, 1941இல் சோஷிக்கு வந்தது. நடுவில் ஒரு ஆள் நிற்க ஒரு கூண்டு, முன்னும் பின்னும் சரிவாக இரண்டு மூக்கு, தலைக்கு மேலே கம்பியைத் தொட ஒரு வில். ஒரு பெரிய வேன் அளவுக்குத்தான் இருக்கும். அது இன்னும் டிப்போவில் நிற்கிறது, ரயில் பைத்தியங்கள் அதைப் பார்க்கவென்றே போகிறார்கள்.

1945 ஜூலையில் அமெரிக்க விமானங்கள் சோஷியைக் குண்டு போட்டு எரித்தபோது துணைமின் நிலையமும் எரிந்துபோனது. மின்சாரம் இல்லாமல் மின்சார ரயில் எங்கே ஓடும்? நீராவி எஞ்சினை இரவல் வாங்கித்தான் மீண்டும் ஓட்டினார்கள். 1948இல் கம்பெனியைப் புதிதாக அமைத்து, சோஷி மின் ரயில்வே என்று இப்போதைய பெயர் வைத்தார்கள்.

அதற்கப்புறம் நடந்தது ஜப்பானின் எல்லாச் சின்னப் பாதைக்கும் நடந்ததுதான், அதனால் வேகமாகக் கடந்துவிடுகிறேன். கார் வந்தது, பஸ் வந்தது. 1960இல் சிபா கோட்சு என்ற பஸ் கம்பெனியின் கைக்குள் ரயில் போனது. சோஷியின் மக்கள்தொகை 1965 வாக்கில் 90 ஆயிரத்தைத் தாண்டி உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்க ஆரம்பித்தது. 2020 கணக்கெடுப்பில் 60 ஆயிரத்துக்கும் கீழே. சரக்கு லாரிக்குப் போய்விட்டது, 1984இல் சரக்கு ரயிலை நிறுத்தினார்கள். மீனும் சோயாவும் தாங்கிய பாரம் முழுக்க பள்ளிக்கூடப் பிள்ளைகள், வயசானவர்கள், ஞாயிற்றுக்கிழமைப் பயணிகள் தலையில் விழுந்தது.

பலகாரம் எப்போது உள்ளே வந்தது

பிஸ்கட் கதை 2006இல் தொடங்கியது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே இவர்கள் அடுப்பு பற்றவைத்துவிட்டார்கள். 1976இல் கன்னோன் ஸ்டேஷனில் தையாக்கி சுட ஆரம்பித்தார்கள். மீன் வடிவ அச்சில் மாவை ஊற்றி, உள்ளே இனிப்புப் பயறு வைத்துச் சுடுவது. அந்த நேரம் தையாக்கியைப் பற்றிய ஒரு பாட்டு நாடு முழுக்க ஒலித்துக்கொண்டிருந்தது, இவர்கள் சட்டென்று அதைப் பிடித்துக்கொண்டார்கள். டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே சுடச்சுடப் பலகாரம். ரயில் கம்பெனி என்றால் ரயில் மட்டும்தான் ஓட்ட வேண்டும் என்ற வீறாப்பு இவர்களிடம் அப்போதே இல்லை.

1990இல் பஸ் கம்பெனி தன் பங்குகளை ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு விற்றது. ஜப்பானில் நிலமும் பங்கும் விண்ணைத் தொட்டுக்கொண்டிருந்த காலம். புது முதலாளிகள் ஸ்டேஷன்களுக்கு ஐரோப்பிய வேஷம் போட்டார்கள்: சோஷியில் டச்சுக் காற்றாலை, கன்னோனில் சுவிஸ் மலை வீடு, கிமிகஹாமாவில் இத்தாலிய வளைவு, இனுபோவில் போர்ச்சுகீசிய வெள்ளைச் சுவர். கடல் உப்புக்காற்று இதையெல்லாம் சும்மா விடுமா? கிமிகஹாமா வளைவு இற்றுப்போய், மேல்பாகத்தை எடுத்துவிட்டு இப்போது தூண்கள் மட்டும் நிற்கின்றன. இத்தனைக்கும் நடுவில் தொகாவா மட்டும் எந்த வேஷமும் போடாமல், 1923இல் கட்டிய மரக்கட்டடத்தோடு அப்படியே இருந்தது. இன்றைக்குப் பயணிகள் நின்று படம் எடுப்பது அங்கேதான்.

ஆனால் அதே முதலாளிகளின் காலத்தில்தான், 1995இல், நுரே செம்பே வந்தது. செம்பே என்பது அரிசி மாவைத் தட்டிச் சுட்ட பிஸ்கட், கடித்தால் மொறுமொறு என்று உடையும். சோஷியில் அதற்கு ஒரு தனி வகை உண்டு: சுட்ட சூடு ஆறுவதற்குள் சோயா சாஸில் முக்கி எடுப்பது. சாஸை உறிஞ்சி அது நமுத்துப்போகும். மொறுமொறுப்பு போய், மெல்ல மெல்ல இழுபடும், வாயெல்லாம் உப்பும் சோயாவும். முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் கெட்டுப்போன பிஸ்கட் என்றுதான் நினைப்பார்கள். ரயில் கம்பெனி அதை மூன்று விதமாக விற்றது, சிவப்பு உறையில் கெட்டியான சுவை, நீல உறையில் லேசானது, பச்சை உறையில் இனிப்பு. ஊரின் சோயா, ஊரின் பலகாரம், ஊரின் ரயில். எல்லாம் ஒரே உறையில். சில வருஷத்தில் டிக்கெட் வருமானத்தைத் தாண்டிவிட்டது.

1998இல் அந்தக் கட்டுமான நிறுவனம் திவாலானது.

2006: ரயிலுக்கு வெளியே விழுந்த அடி

தாய்க் கம்பெனி போனபின் சோஷி ரயில் அனாதையாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பெரிய அடி அது இல்லை. அப்போதைய தலைவராக இருந்தவர் கம்பெனி பெயரில் கடன் வாங்கிச் சொந்தக் காரியத்துக்குத் திருப்பினார், தொகை சுமார் 11 கோடி யென். 2006 ஆகஸ்டில் கையாடல் குற்றத்துக்காகக் கைது. விஷயம் வெளிவந்ததும் மாகாணமும் நகராட்சியும் கொடுத்து வந்த மானியத்தை நிறுத்திக்கொண்டன, வங்கிகளும் கடன் தரவில்லை. இதில் அரசாங்கத்தைக் குறை சொல்லவும் வழியில்லை. பொதுப் பணம் எங்கே போகிறது என்று தெரியாத கம்பெனிக்கு யார் கொடுப்பார்கள்? ஆனால் தண்டனை அனுபவித்தது, டிரைவரும் கண்டக்டரும் ஸ்கூல் பிள்ளைகளும்.

நேரமும் மோசம். 2005 ஏப்ரலில் அமகசாகியில் ஜேஆர் ரயில் தடம் புரண்டு 107 பேர் செத்துப்போனார்கள். அதன்பின் போக்குவரத்து அமைச்சகத்தின் பாதுகாப்புக் கண்காணிப்பு இறுகியிருந்தது. 2006 நவம்பரில் சோஷிப் பாதைக்கும் திருத்த உத்தரவு வந்தது, இற்றுப்போன ஸ்லீப்பர் கட்டைகளை மாற்று என்று. அதோடு பெட்டிகளுக்குச் சட்டப்படியான பரிசோதனை. ஜப்பானில் ரயில் பெட்டியை நாலு வருஷத்துக்கு ஒரு முறை முக்கியப் பாகங்களுக்காகவும், எட்டு வருஷத்துக்கு ஒரு முறை முழுசாகவும் பிரித்துச் சோதிக்க வேண்டும். கெடு முடிந்தால் வண்டி ஓடக் கூடாது, அவ்வளவுதான். அந்தச் செலவுக்குக் கையில் காசில்லை.

நவம்பர் நடுவில் கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஒரு அறிவிப்பு வந்தது. சுற்றி வளைக்கவில்லை: ரயில் தொடர்ந்து ஓட வேண்டுமானால் தயவுசெய்து நுரே செம்பே வாங்குங்கள், ரயில் ரிப்பேர் செலவுக்கு நாங்கள் சம்பாதித்தாக வேண்டும். ஒரு நிறுவனத்தின் அறிவிப்பு இவ்வளவு வெளிப்படையாகப் பேசி யாரும் பார்த்ததில்லை. ரயில் ரசிகர்கள் அதை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டினார்கள், தொலைக்காட்சி வந்தது, ஆர்டர் குவிந்தது. சில வாரத்திலேயே பத்தாயிரத்துக்கு மேல். சுட்டு மாளவில்லை, கொஞ்ச காலம் ஆர்டர் எடுப்பதையே நிறுத்தினார்கள். பரிசோதனை நடந்தது, வண்டி நிற்கவில்லை.

இங்கே பலரும் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு இந்த இடத்தில் ஒரு கேள்வி: இதே மாதிரி மக்கள் ஆதரவு வேறு பாதைக்கு இல்லையா? இருந்தது. தோனே ஆற்றுக்கு அந்தப் பக்கம், இபராகி மாகாணத்தில் காஷிமா ரயில்வே என்று ஒரு பாதை, இஷியோகாவிலிருந்து ஹொகோதா வரை 27.2 கிலோமீட்டர். விமானப்படைத் தளத்துக்கு எரிபொருள் ஏற்றிப்போவது அதன் முக்கிய வருமானம், அது நின்றதும் பாதை ஆட்டம் கண்டது. அங்கேயும் பள்ளி மாணவர்கள் இயக்கம் நடத்தினார்கள், காசு திரட்டினார்கள், மனசாரப் போராடினார்கள். 2007 மார்ச் 31 அன்று மூடிவிட்டார்கள். சோஷி பிஸ்கட்டால் தப்பித்த அதே குளிர்காலம்.

இரண்டுக்கும் வித்தியாசம் பாசத்தில் இல்லை. 6.4 கிலோமீட்டருக்கும் 27.2 கிலோமீட்டருக்கும் உள்ள வித்தியாசம் என்பது ஸ்லீப்பர், ஜல்லி, கேட், பாலம் எல்லாவற்றிலும் நாலு மடங்குக்கு மேல். சோஷியில் வண்டிகள் எதிரும் புதிரும் கடக்கவே ஒரே ஒரு இடம்தான், கசகாமி குரோஹாயே. ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டி மோதாமல் இருக்க அங்கே ஒரு வளையத்தைக் கைமாற்றுவார்கள். டிரைவர் நீட்டுவார், ஸ்டேஷன் ஊழியர் வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுப்பார், அது கையில் இருந்தால்தான் அடுத்த துண்டுக்குள் போக அனுமதி. இவ்வளவு சின்ன அமைப்பு என்பதால்தான் ஒரு பலகாரத்தால் தூக்க முடிந்தது. அப்புறம், சோஷியிடம் விற்க ஒரு பொருள் பதினோரு வருஷமாகத் தயாராக இருந்தது. ஆபத்து வந்த பிறகு அடுப்பு மூட்டியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

பிஸ்கட்டால் முடியாதது

2006இன் அலை ஓய்ந்தது. 2011 மார்ச் நிலநடுக்கமும் ஃபுகுஷிமாவும் பசிபிக் கரை முழுக்கப் பயணிகளை விரட்டிவிட்டன. சோஷிக்கு வருகிறவர்கள் குறைந்தால் ரயிலும் காலி, பிஸ்கட்டும் தேக்கம். இரண்டு வருமானத்துக்கும் ஒரே வாடிக்கையாளர்கள் என்பது நல்ல நாளில் பலம், கெட்ட நாளில் இரண்டு அடி ஒன்றாக விழும். 2012 டிசம்பரில் தகெமோதோ கத்சுனோரி என்ற வரிக் கணக்காளர் தலைவரானார், முன்பே ஆலோசகராக உள்ளே இருந்தவர். அடுத்த சில மாதத்தில் கம்பெனி ஊரிடம் வெளிப்படையாகச் சொன்னது: எங்கள் சொந்தக் காலில் இதை நிமிர்த்த முடியாது. அதன்பின் தேசிய அரசும் மாகாணமும் நகராட்சியும் சேர்ந்து பாதை, மின்சாரம், பெட்டி ஆகியவற்றைப் புதுப்பிக்கப் பணம் தரும் ஏற்பாடு வந்தது. தண்டவாளம் மாறியது இந்தப் பணத்தில்தான்.

கதை சொல்கிறவர்கள் தாண்டிப்போகும் இடம் இதுதான், எனக்குக் கொஞ்சம் எரிச்சலே வரும். பிஸ்கட் விற்ற காசில் சம்பளம் போடலாம், மின்கட்டணம் கட்டலாம், ஒரு பெட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பலாம். பல வருஷத்துக்கான மூலதனச் செலவை அதில் எடுக்க முடியாது. ஆனால் இதன் மறுபக்கமும் உண்மை: பிஸ்கட் விற்று வண்டியை உயிரோடு வைத்திருக்காவிட்டால், நகராட்சி பணம் போடுவதற்கு அங்கே ரயில் என்று ஒன்று இருந்திருக்காது. 2006இல் மானியத்தை நிறுத்திய அதே கைகள் பிறகு திறந்ததற்கு, நாடே அறிந்த பெயராக அது மாறியிருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

2014 ஜனவரி 11 அன்று கசகாமி குரோஹாயே அருகே ஒரு வண்டி தடம் புரண்டது. யாருக்கும் காயமில்லை, ஆனால் இருந்ததே விரல்விட்டு எண்ணக்கூடிய பெட்டிகள், அதில் ஒரு ஜோடி படுத்துவிட்டது. ரிப்பேருக்குக் காசில்லாமல் நின்றது. உள்ளூர் சோஷி வணிக மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் இணையத்தில் நிதி திரட்ட ஆரம்பித்தார்கள். சேர்ந்தது 48 லட்சம் யென் அளவு. 2015 ஏப்ரலில் அந்த வண்டி மறுபடி பாதைக்கு வந்தது.

அதே 2015இல் ஸ்டேஷன் பெயர்களை விளம்பரத்துக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். கசகாமி குரோஹாயேயை ஒரு ஷாம்பு கம்பெனி எடுத்து, தலைமுடி கறுப்பாக முளைக்கும் என்று பொருள் வருகிற மாதிரி எழுத்தைத் திருப்பிப் பலகை மாட்டியது. ஊர்ப் பெயரை விற்பதா என்று முகம் சுளிக்கலாம்தான். ஆனால் பழைய பெயர் போகவில்லை, காசு வந்தது, பலகையைப் பார்க்கவும் ஆட்கள் வந்தார்கள். 2018 ஆகஸ்ட் 3 அன்று மசுய் போ வந்தது, ருசி மோசமான குச்சி என்கிற மாதிரி பெயர் வைத்த சோளப் பொரி நொறுக்கு. உண்மையில் ருசி மோசமில்லை, கம்பெனியின் நிலைமைதான் மோசம் என்பது நகைச்சுவை. தேதியைக்கூட, ஆகஸ்ட் 3 என்றால் எட்டும் மூன்றும் சேர்ந்து ஜப்பானிய மொழியில் திவால் என்ற சொல் மாதிரி ஒலிக்கும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள். உறையில் இருக்கும் பூதாகாரமான முகம், பேய்க் காமிக்ஸுக்குப் பேர்போன ஹினோ ஹிதேஷி வரைந்தது. கோடையில் பேய்வீடு ரயில், பெட்டிக்குள் மல்யுத்தம், பாதையின் ஜல்லிக் கல்லை டப்பாவில் போட்டு விற்பது, 2020இல் சொந்தமாக ஒரு படமே எடுத்தது என்று பட்டியல் நீளும். தலைவர் தகெமோதோ தானே ரயில் ஓட்டும் உரிமம் வாங்கி டிரைவர் சீட்டிலும் உட்கார்கிறார்.

இந்தக் கோமாளித்தனத்துக்குக் கீழே இருக்கும் கணக்கு சுத்தமானது. கம்பெனியின் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் பலகாரமும் சாமான்களும். ரயில் கொண்டுவருவது மீதி. ரயில் கம்பெனி பலகாரம் விற்கிறது என்று சொல்வதைவிட, பலகாரக் கம்பெனி ஒன்று ரயில் வைத்திருக்கிறது என்று சொன்னால் கணக்குப் புத்தகத்துக்குப் பொருந்தும். ஆனால் ரயில் இல்லாவிட்டால் அந்தப் பலகாரத்தை யார் வாங்குவார்கள்? சோஷியில் நுரே செம்பே செய்யும் கடைகள் வேறும் உண்டு. இவர்களிடம் வாங்குகிறவர் உறையின் மேல் இருக்கும் ரயிலுக்குத்தான் காசு கொடுக்கிறார். நஷ்டத்தில் ஓடும் ரயிலே இவர்களின் விளம்பரச் செலவு. அதனால்தான் கொரோனா காலத்தில் வண்டி கிட்டத்தட்டக் காலியாக ஓடியபோதும் ஓட்டுவதை விட்டுவிடவில்லை. இணையத்தில் பலகாரம் போனது, அதற்கப்புறம் 2021 நிதியாண்டில் பல வருஷத்துக்குப் பின் சின்னதாக ஒரு லாபமும் காட்டினார்கள்.

இனி வரும் செலவு

பெட்டிகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது, ஏனென்றால் அடுத்த நெருக்கடி அங்கிருந்துதான் வரும் என்று எனக்குப் படுகிறது. இந்தக் கம்பெனியிடம் ஓடுவதெல்லாம் பிறர் ஓட்டி முடித்தவை. டோக்கியோ சுரங்க ரயிலின் பழைய பெட்டிகள் 2016 வரை இங்கே ஓடின. 2010இல் வந்த 2000 வகை, முதலில் டோக்கியோவின் கேயோ ரயிலில் பிறந்து, பிறகு ஷிகோகு தீவில் இயோ ரயிலுக்கு வேலை பார்த்து, மூன்றாவது வாழ்க்கைக்குச் சோஷி வந்தது. 2016இல் வந்த 3000 வகைக்கும் அதே ஜாதகம். தொகாவா பக்கம் முட்டைகோஸ் தோட்டங்களுக்கு நடுவே குலுங்கிக்கொண்டு போகும் இந்தப் பெட்டிகள் சேவைக்கு வந்தது 1960களில்.

2024 மார்ச்சில் ஒசாகாவின் நங்காய் ரயில்வேயிலிருந்து வாங்கிய ஒரு ஜோடி ஓட ஆரம்பித்தது, 1969இல் செய்தவை. அங்கே 1500 வோல்ட்டில் ஓடியதை இங்கே 600 வோல்ட்டுக்கு மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. பெட்டி மலிவாகக் கிடைத்தாலும் மாற்றும் செலவு மலிவில்லை, 1925இல் போட்ட மின்சாரம் 2024இல் பில் நீட்டுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், இந்த அளவில் பெட்டியே கிடைப்பதில்லை. பெரிய ரயில் கம்பெனிகள் 20 மீட்டர் பெட்டிகளுக்கு மாறிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. 18 மீட்டருக்கு உட்பட்ட பழைய பெட்டி ஒன்று எங்கேயாவது ஓய்வு பெற்றால், ஜப்பானின் அத்தனை சின்னப் பாதைகளும் அதற்கு வரிசையில் நிற்கின்றன. 55 வயசான பெட்டியை வாங்கி வந்தது பழமை மேல் உள்ள ஆசையால் அல்ல. 3000 வகை ஓய்ந்தபின் அந்த இடத்துக்கு எது வரும், அதற்கான பணம் நகராட்சியிலிருந்து வருமா மாகாணத்திலிருந்து வருமா என்பதை இப்போதே பேச ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் அது பிஸ்கட் தாங்கும் செலவு இல்லை.